இரவுச் சூப்பி: கொடுப்பதா, தவிர்ப்பதா, எந்த வயதில் நிறுத்துவது?

திருகோணமலையில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் புத்திமதி எல்லாப் பக்கத்தாலும் வரும். கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர், "சூப்பி, போத்தல் ஒண்டும் பழக்க வேண்டாம், தாய்ப்பாலை மட்டும் குடுங்கோ" என்பார். அதே கிழமை கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பிய பார்சல் வந்து சேரும். பிள்ளைச் சட்டைகளுக்கு நடுவே மூடி போட்ட இரண்டு சூப்பிகள், பால் வராமல் சும்மா சூப்புவதற்கான காம்புகள், இருக்கும். "இஞ்ச டொக்டரே படுக்கேக்க குடுக்கச் சொல்றார்" என்று அவ தொலைபேசியில் சொல்லுவா. அம்மம்மாவோ இரண்டையும் காதில் போடாமல் ஏணை கட்டத் தொடங்கியிருப்பா.

மூன்று பேரும் தங்கள் தங்கள் இடத்தில் சரியாகத்தான் சொல்கிறார்கள். சிக்கலும் அங்கேதான். சூப்பி நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. உங்கள் வீட்டில் பிள்ளை எங்கே, யாரோடு, எப்படித் தூங்குகிறது, நடுச்சாமத்தில் எழும்புவது யார் என்று பார்த்தால் பாதித் தீர்மானம் தானாக வந்துவிடும்.

கிளினிக்கும் கனடாவும் ஏன் முரண்படுகின்றன

கிளினிக் சொல்வதன் வேர் 1989-இல் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும் அந்த ஆண்டு வெளியிட்ட, தாய்ப்பாலூட்டலுக்கான பத்துப் படிகளில் ஒன்பதாவது, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குச் செயற்கை முலைக்காம்போ சூப்பியோ கொடுக்கக் கூடாது என்றது. காரணம் எளிது. பிறந்து சில நாளே ஆன பிள்ளை பசி வந்தால் அழுவதற்கு முன்பே வாயைத் திறந்து தேடும், கையைச் சூப்பும். அந்த நேரம் வாயில் சூப்பியை வைத்தால் பிள்ளை அடங்கிவிடும், ஓர் ஊட்டல் தவறிவிடும். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும் என்பதால், தவறும் ஊட்டல்கள் தாயின் சுரப்பையும் குறைத்துவிடும்.

2018-இல் அந்தப் படியைத் திருத்தினார்கள். கொடுக்கவே கூடாது என்ற தடை போய், போத்தல், சூப்பி ஆகியவற்றின் பாவனையையும் அவற்றால் வரக்கூடிய கெடுதலையும் தாய்க்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்றாயிற்று. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் கொக்ரேன் மீளாய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. பிள்ளை நிறைமாதத்தில் சுகமாகப் பிறந்து, தாயும் பாலூட்டுவதில் உறுதியாக இருந்தால், சூப்பி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நான்கு மாதம் வரை தனித் தாய்ப்பாலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தாயின் உறுதி என்ற நிபந்தனையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. முலைக்காம்பு வெடித்து, பால் காணாது என்ற பயத்தில் இருக்கும் தாயின் வீட்டில் சூப்பி வேறு வேலை செய்யும்.

மச்சாளின் டொக்டர் பயப்படுவது வேறொன்றுக்கு. சுகமாகப் படுக்கப் போட்ட பிள்ளை, காரணம் எதுவும் பிடிபடாமல் தூக்கத்திலேயே இறந்துபோவது. தொட்டில் மரணம் என்பார்கள். ஒரு வயதுக்குள் நிகழ்வது, அதிலும் ஆறு மாதத்துக்கு முன்தான் மிக அதிகம். 2005-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், கடைசித் தூக்கத்தின்போது சூப்பி வைத்திருந்த பிள்ளைகளிடையே இந்த ஆபத்து பாதிக்கும் மேல் குறைவாக இருந்தது. ஏன் என்று இன்றுவரை உறுதியாக விளங்கவில்லை. ஆனாலும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பகல் தூக்கத்துக்கும் இரவுத் தூக்கத்துக்கும் சூப்பி கொடுக்கலாம் என்கிறது, 2022-இல் புதுப்பித்த வழிகாட்டலிலும் அதை விடவில்லை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குப் பாலூட்டல் நன்றாகப் பிடிபட்ட பிறகே கொடுக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. பார்சல் அனுப்புகிறவர்கள் இந்த வரியைச் சேர்த்து அனுப்புவதில்லை.

இப்போது நம் ஊர்ப் படுக்கையைப் பாருங்கள். உவர்மலையிலோ பாலையூற்றிலோ சாம்பல்தீவிலோ பிள்ளை தனி அறையில் தனிக் கட்டிலில் தூங்குவது அபூர்வம். தாயின் பக்கத்தில், நுளம்பு வலைக்குள், கை எட்டும் தூரத்தில் கிடக்கும். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் தனித் தாய்ப்பாலில் இருந்தார்கள். தாய்ப்பாலே தொட்டில் மரண ஆபத்தைக் குறைக்கும் என்பதும், தாயோடு ஒரே அறையில் தூங்குவது நல்லது என்பதும் அதே அமெரிக்க வழிகாட்டலில் இருக்கிறது. சூப்பியால் அங்கே கிடைக்கும் பாதுகாப்பின் ஒரு பகுதி இங்கே ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஒரே மெத்தையில் படுப்பதுதான் வேறு கதை. தகப்பன் சாராயம் குடித்துவிட்டு வந்து பக்கத்தில் படுத்தாலோ, வீட்டில் புகை பிடித்தாலோ, மெத்தை மெதுமெதுவென்று இருந்தாலோ ஆபத்து கூடும். அந்த வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது படுக்கையை. சூப்பி பிறகு.

மார்போடு தூங்க வைப்பது

எங்கள் பக்கத்தில் வழக்கமான முறை இதுதான். பால் குடித்தபடியே பிள்ளை கண்ணயரும், தாயும் அயர்வாள். செலவில்லை, அவிக்க ஒன்றுமில்லை, இருட்டில் தேட ஒன்றுமில்லை. பால் சுரக்கச் செய்யும் ஹோர்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும், ஆகவே இரவு ஊட்டல்தான் அடுத்த பகலின் பாலையும் காப்பாற்றுகிறது.

பலர் யோசிக்காத இன்னொரு கணக்கும் இதற்குள் இருக்கிறது. பிள்ளை பிறந்து ஆறு மாதம் வரை, மாதவிடாய் திரும்பாமல், தாய்ப்பால் மட்டும் கொடுத்து வந்தால் அதுவே அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடும். ஆனால் பகலில் நான்கு மணித்தியாலமும் இரவில் ஆறு மணித்தியாலமும் தாண்டி இடைவெளி விழக் கூடாது. சூப்பியால் பிள்ளை எட்டு மணித்தியாலம் எழும்பாமல் தூங்கினால் சந்தோஷம்தான், அந்தக் காவல் போய்விடும். இதை நம்பியிருக்கும் தாய் சூப்பி பழக்க முன் கிளினிக்கில் வேறு முறை கேட்டுக்கொள்வது புத்தி.

குறை என்னவென்றால், தாய் அங்கே இருந்தாக வேண்டும். 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து கந்தோருக்கோ பாடசாலைக்கோ திரும்பும் தாயின் பிள்ளையைப் பகலில் தூங்க வைப்பது அம்மம்மா, அல்லது பராமரிப்பு நிலையத்து அக்கா. அவர்களிடம் மார்பு இல்லை. முலையோடு மட்டுமே தூங்கப் பழகிய பிள்ளை முதல் கிழமை வீட்டையே தலைகீழாக்கும். தாதிமாரின் வீட்டில் இரவு வேலை வந்தால் இந்தக் கஷ்டம் நடுச்சாமத்துக்கும் வரும்.

சூப்பி, படுக்கைக்கு மட்டும்

இதை நான் எதிர்க்கவில்லை. பகல் முழுக்கக் கழுத்தில் தொங்கும் சூப்பியும் படுக்கும்போது மட்டும் வரும் சூப்பியும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் விளைவில் இரண்டு வேறு சாமான்கள். காது, பல், பேச்சு என்று சூப்பியின் மேல் சாட்டப்படும் குற்றங்களில் பெரும்பகுதி பகல் சூப்பிக்கு உரியது.

தொடங்குவது எப்போது? பால் குடிப்பது பிடிபட்டு, பிள்ளையின் நிறை கிளினிக் அட்டையின் கோட்டோடு ஏறத் தொடங்கிய பிறகு. பொதுவாக மூன்று, நான்கு கிழமை ஆகும். அதற்கு முன் வேண்டாம். குறைமாதத்தில் பிறந்து குழாயால் பால் ஏற்றப்படும் பிள்ளைக்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே சூப்பக் கொடுப்பது வாயால் குடிக்கும் நிலைக்குச் சீக்கிரம் கொண்டுவரும், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளையும் குறைக்கும். அது வார்ட்டில் வைத்தியர் தீர்மானிக்கும் விஷயம்.

பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, நிமிர்ந்து படுக்கப் போட்ட பிறகுதான் சூப்பி. பிள்ளை சிணுங்கியதும் முதலில் கை போவது சூப்பிக்கு என்றால் ஒழுங்கு தலைகீழாகிவிட்டது என்று அர்த்தம். தூங்கியபின் அது வாயிலிருந்து விழும், விழட்டும். திருப்பி வைக்கத் தேவையில்லை. பிள்ளை துப்பினால் வற்புறுத்தவும் வேண்டாம், சில பிள்ளைகளுக்கு அது பிடிப்பதே இல்லை.

நாங்கள் செய்யும் ஆபத்தான காரியம், விழுந்து மண் படாமல் இருக்க அதை நாடாவில் கட்டுவது. பகலில் சட்டையில் குத்தினால்கூடக் கண் பார்வையில் இருக்கும். தூக்கத்தில், அதிலும் ஏணைக்குள், நாடாவும் நூலும் பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளலாம். சூப்பியோடு கழுத்துச் சங்கிலியும் வேண்டாம். கண்ணூறுக்குக் கட்டும் கறுப்பு நூலையும் படுக்கும்போது கழற்றி வையுங்கள், அம்மம்மா ஏசினாலும் பரவாயில்லை.

தேன் அல்லது சீனி தொட்டுக் கொடுப்பது இன்னொன்று. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தேன் நக்கவும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து அந்த வயதுக் குடலில் முளைத்து, உடலைத் தளரச் செய்யும் நஞ்சைச் சுரக்கும். சீனி பல்லை அரிக்கும்.

வாங்கும்போது ஒரே துண்டாக வார்க்கப்பட்டதைத் தேடுங்கள். பட்டினத்துக் கடைகளில் அட்டையில் தொங்குகிறவற்றில் காம்பும் தட்டும் தனித்தனியாகச் செய்து ஒட்டியவையும் கிடக்கும், அவை கழன்றால் தொண்டையில் போகும். தட்டு பிள்ளையின் வாயைவிட அகலமாக, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல், காற்றுப் போகத் துளைகளோடு இருக்க வேண்டும். மஞ்சள் நிற ரப்பர் மெதுவாக இருக்கும், நம் வெயிலுக்குச் சீக்கிரம் பிசுபிசுத்துப் பழுதாகும். தெளிவான சிலிக்கன் இங்கே கூடக் காலம் தாக்குப் பிடிக்கும். ஆனால் பல் முளைத்த பிள்ளை அதைக் கடித்துக் கிழிக்கலாம். கிழமைக்கு ஒருமுறை பகல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, காம்பை எல்லாப் பக்கமும் இழுத்துப் பாருங்கள். அடியில் மயிரளவு கீறல் தெரிந்தாலும், நிறம் மங்கினாலும், ஒட்டுப்பட்டாலும் குப்பைக்கு.

ஆறு மாதம் வரை தினமும் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையின் நாக்கிலும் முரசிலும் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் வரும், அது தாயின் முலைக்காம்புக்கும் தொற்றும். நிலத்தில் விழுந்ததைத் தாய் தன் வாயில் வைத்துத் துடைத்துக் கொடுப்பது ஊர் வழக்கம். சுவீடனில் 2013-இல் வெளியான ஓர் ஆய்வு அப்படிச் செய்த பெற்றோரின் பிள்ளைகளுக்குக் கரப்பனும் இழுப்பும் குறைவு என்று கண்டதால் சிலருக்கு அது சாட்டாகிவிட்டது. பல்லைச் சூத்தையாக்கும் கிருமி பெரியவர்களின் எச்சிலால்தான் பிள்ளைக்குப் போகிறது. சூத்தைப் பல்லோடு திரியும் நாங்கள் அந்தச் சாட்டைப் பிடிக்காமல் இருப்பது மேல். கையோடு சுத்தமான இன்னொரு சூப்பி மூடி போட்ட டப்பாவில் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

இரவு இரண்டு மணிக்கு, கரண்டும் இல்லாமல், கட்டிலுக்கு அடியில் டோர்ச் அடித்துச் சூப்பி தேடிய தகப்பன்மாருக்கு இதன் பெரிய குறை தெரியும். நான்கு, ஐந்து மாதத்தில் பிள்ளை தூக்கத்தின் நடுவே அரைகுறையாக விழித்து அதைக் கேட்கும், தானாக எடுத்து வாயில் வைக்கவோ கைக்கு இன்னும் பக்குவம் வராது. தூங்க வைக்க வந்த சாமான் எழுப்பும் சாமானாகும்.

விரலும் ஏணையும்

விரல் சூப்பும் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. கருவிலேயே கட்டைவிரலைச் சூப்பும், ஸ்கானில் கண்டிருப்பீர்கள். தொலையாது, விழாது, காசு இல்லை. அதனாலேயே நான் சூப்பியை அதற்கு மேலே வைக்கிறேன். சூப்பியை ஒரு நாள் எடுத்துவிடலாம், விரலை எடுக்க முடியாது. விரல் பழக்கம் பள்ளிக்கூடம் போகும் வயதுவரை இழுபடுவது சாதாரணம், பல்லின் மேல் அழுத்தமும் அதிக காலம் இருக்கும். தவழும் வயது வந்தால் முற்றத்து மண், கோழி எச்சம், பூச்சி முட்டை எல்லாம் அதே விரலோடு வாய்க்குப் போகும். ஆனாலும் ஆறு மாதப் பிள்ளை விரல் சூப்பினால் பிடுங்கிப் பிடுங்கி எடுக்கத் தேவையில்லை. பெரும்பாலான பிள்ளைகள் தானாக விடுகிறார்கள்.

ஏணை எங்கள் ஊரின் சொந்தப் பதில். சேலையைக் கட்டி, ஓராட்டுப் பாடி ஆட்டினால் வாயில் ஒன்றும் இல்லாமலே பிள்ளை தூங்கும். காதுக்கும் பல்லுக்கும் கெடுதி இல்லை, அம்மம்மாவுக்கும் வேலை இருக்கும். கச்சான் காற்று அனலாக வீசும் ஆனி, ஆடி இரவுகளில் துணிக்குள் புழுங்கும் என்பது ஒருபுறம். மற்றது, ஏணையில் முதுகு வளைந்து நாடி நெஞ்சில் படியும், சின்னப் பிள்ளைக்கு மூச்சு வழி ஒடுங்கும். கண் பார்வையில் பகல் தூக்கத்துக்கு ஆட்டலாம். தூங்கியதும் தூக்கிச் சமமான, இறுக்கமான படுக்கையில் நிமிர்த்திப் போடுங்கள். இரவு முழுக்க ஏணையில் விட வேண்டாம்.

பால் போத்தலை வாயில் வைத்துத் தூங்கப் போடுவதை இந்த ஒப்பீட்டில் ஒரு தெரிவாகவே நான் எடுக்கவில்லை. முன்பல்லைச் சூத்தையாக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது, காதுக்கும் கெடுதி.

எதை எடுப்பது என்று கேட்டால், தாய் வீட்டில் இருந்து இரவில் தானே ஊட்டுகிறாள் என்றால் சூப்பி தேவையில்லை, வாங்கியே வைக்காதீர்கள். தாய் நாலாம் மாதத்தில் வேலைக்குத் திரும்பப் போகிறாள், அல்லது பிள்ளை மார்பு தவிர வேறு எதிலும் தூங்காமல் தாய் சோர்ந்துபோய்விட்டாள், அல்லது தாய்ப்பால் கிடைக்காமல் மாப்பால் குடிக்கும் பிள்ளை என்றால், ஒரு மாதத்துக்குப் பிறகு படுக்கைச் சூப்பி நியாயமான தெரிவு. மாப்பால் பிள்ளைக்குத் தாய்ப்பாலின் பாதுகாப்பு இல்லாததால் அங்கே சூப்பியின் பெறுமதி இன்னும் கூட.

நிறுத்தும் வயது

வீடுகளில் சண்டை தொடங்குவது இங்கேதான். சாதாரணமாகப் பேசப்படும் மூன்று கெடுக்கள் இருக்கின்றன: ஆறு மாதத்துக்குப் பிறகு, ஒரு வயது, மூன்று வயது. மூன்றுக்கும் பின்னால் மூன்று வேறு உறுப்புகள் நிற்கின்றன.

ஆறு மாதம் என்பவர்கள் காதைப் பார்க்கிறார்கள். பின்லாந்தில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதம் தாண்டிய பிள்ளைகளுக்குச் சூப்பியைத் தூங்கப்போகும் நேரத்துக்கு மட்டும் மட்டுப்படுத்தச் சொல்லிப் பெற்றோருக்கு ஆலோசனை கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளிடையே நடுக்காது அழற்சி 29 வீதம் குறைந்தது. கவனியுங்கள், முழுதாக நிறுத்தச் சொல்லவில்லை, பகலில் மட்டும் குறைக்கச் சொன்னதற்கே அவ்வளவு. திருகோணமலையில் ஐப்பசி முதல் தை வரை மாரி அடிக்கும்போது வீட்டுக்கு வீடு தடிமன். மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாய் பிள்ளைகளில் குட்டையாகவும் படுக்கையாகவும் இருப்பதால் சளி சுலபமாக ஏறும். ஒருமுறை காதால் சீழ் வடிந்த பிள்ளைக்கு நான் ஒரு வயதுவரை காத்திருக்க மாட்டேன்.

ஒரு வயது என்பவர்கள் தொட்டில் மரண ஆபத்தின் கடைசி நாள்வரை காவல் வைக்கப் பார்க்கிறார்கள். மூன்று வயது என்பவர்கள் பல்லைப் பார்க்கிறார்கள். இரண்டு வயதுக்குள் விட்ட பிள்ளையின் பல்லில் வந்த சிறு மாற்றம் பெரும்பாலும் தானாகச் சரிவரும். மூன்று தாண்டினால் முன்பற்கள் மேலும் கீழும் தொடாமல் நடுவே இடைவெளி விழத் தொடங்கும். அப்படியான பிள்ளை பாண் துண்டை முன்பல்லால் கடித்து இழுக்கும்போது பாருங்கள், பாண் அறாது, பக்கப் பல்லுக்குத் தள்ளித்தான் கடிக்கும். இந்த இடைவெளிகூடப் பழக்கம் நின்றால் மூடக்கூடும். மேல்தாடை ஒடுங்கிப் பக்கப் பற்கள் குறுக்கே பூட்டிக்கொள்வது அவ்வளவு இலகுவாகத் திரும்பாது. மூன்று வயது என்பது பொறுத்திருக்கக்கூடிய கடைசி எல்லை. அதை நிறுத்தும் நாளாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்னுடைய தெரிவு இரண்டு கட்டம். ஆறு மாதத்தில், சோறூட்டத் தொடங்கும் அதே நாட்களில், பகல் சூப்பியை முழுதாக வெட்டுங்கள். அந்த வயதில் சூப்பும் உந்துதல் குறையத் தொடங்கும், வாய்க்கு வேறு வேலையும் வந்துவிடும். மழலை பேசத் தொடங்கும் வாயில் பகல் முழுக்க அடைப்பான் இருப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. இரவுச் சூப்பியை முதலாவது பிறந்தநாளுக்குள். காதுத் தொல்லை உள்ள பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்து ஏழு, எட்டு மாதத்திலேயே.

பிறந்தநாள் தாண்டிவிட்டதா? அப்படியானால் அவசரப்படாதீர்கள் என்பேன், இது பலருக்குப் பிடிக்காத பேச்சு. பத்து மாதம் தொடங்கி ஒன்றரை வயதுவரை பிள்ளைக்குத் தாயைப் பிரியும் பயம் உச்சத்தில் இருக்கும். ஒரு பொருள் மறைந்தாலும் எங்கோ இருக்கிறது என்று தெரியும், ஏன் தரவில்லை என்று சொன்னால் விளங்காது. அந்த நடுக்காலத்தில் பிடுங்கினால் சண்டை நீளும், பாதியில் தாயோ அம்மம்மாவோ தோற்றுத் திருப்பிக் கொடுப்பார்கள். சத்தமாக அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். காதில் பிரச்சினை இல்லாவிட்டால் படுக்கைக்கு மட்டும் என்ற எல்லையை இறுக்கமாகக் காத்து, இரண்டு வயது கடந்து கதை விளங்கும்போது எடுத்துவிடுங்கள்.

எடுக்கும் வழி

ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒரே இரவில் நிறுத்துவது நல்லது. நாளுக்கு நாள் குறைப்பதை அந்த வயது புரிந்துகொள்ளாது, ஒரு நாள் உண்டு ஒரு நாள் இல்லை என்பது குழப்பம் மட்டுமே. வயிறு நிறையக் கொடுத்து, விளக்கைத் தணித்து, ஓராட்டையும் முதுகில் தட்டுவதையும் கூட்டிக்கொள்ளுங்கள். முதலிரண்டு இரவுகள் மோசமாக இருக்கும். பெரும்பாலும் ஒரு கிழமைக்குள் அடங்கும்.

இரண்டு வயதுக்காரருக்கு மெதுவான வழி. முதலில் இடத்தைச் சுருக்குங்கள்: சூப்பி கட்டிலை விட்டு வெளியே வராது. பிறகு பகல் தூக்கம், கடைசியில் இரவு. நாளை முன்கூட்டிச் சொல்லி, அவரே எடுத்துத் தரும்படி செய்தால் பாதி வெற்றி. கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் திரியும் புள்ளிமான்கள் எங்களூர்ப் பிள்ளைகளுக்குப் பழக்கம் என்பதால், "மான்குட்டிக்குக் குடுத்திட்டம்" என்ற கதை இங்கே நன்றாக எடுபடும். கதையோடு நிற்கட்டும். சூப்பியை உண்மையாகவே மானுக்கு எறிய வேண்டாம், அவை தின்னும் பொலித்தீன் போதும்.

கசப்புத் தடவும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேப்பெண்ணெயைத் தொட்டு வைக்கச் சொல்வார்கள். வேப்பெண்ணெய் உள்ளே போன சிறு பிள்ளைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டது மருத்துவப் பதிவுகளில் உண்டு, உயிரிழப்பும் உண்டு. எந்த அளவிலும் வேண்டாம். மிளகாய் தடவினால் அதே கை கண்ணுக்குப் போகும். காம்பின் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டால் சுவை போய்விடும் என்பதும் கெட்ட யோசனை, வெட்டிய துண்டு கடிபட்டுத் தொண்டையில் சிக்கும்.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தைவிடக் கிளினிக் அட்டையைப் பாருங்கள். தடுப்பூசி போட்ட கிழமை, தடிமன் பிடித்த நாள், தாய் வேலைக்குத் திரும்பும் வாரம், தம்பியோ தங்கச்சியோ பிறக்கப்போகும் மாதம், இவை எதுவும் வேண்டாம். கொழும்புக்கு இரவு ரயிலில் போகவிருந்தால் போய் வந்தபின் தொடங்குங்கள், பெட்டி முழுக்க உங்களைத் திட்டும். மாரி ஓய்ந்து, கச்சான் தொடங்க முன் வரும் மாசி, பங்குனி எங்கள் ஊருக்குத் தோதான காலம். தடிமனும் குறைவு, இரவில் புழுக்கமும் குறைவு.

வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சில் நிற்க வேண்டும். மூதூரில் அப்பம்மா வீட்டுக்குப் போகும்போது அவவின் அலுமாரியில் பழைய சூப்பி ஒன்று கிடக்கும். போக முன் கதைத்து அதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகு காய்ச்சல் வந்து பிள்ளை கேட்டால் மடியில் வைத்துத் தாலாட்டுவது போதும். மூன்று வயது தாண்டியும் விடாவிட்டால், அல்லது பால் பற்கள் பொருந்தாமல் தெரிந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். காதைப் பிடித்து அழுவது, காய்ச்சல், காதால் வடிவது என்றால் எந்த வயதிலும் அன்றைக்கே வைத்தியரிடம். சூப்பியை விட்ட பிள்ளை சில நாளில் விரலைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அதற்காகச் சூப்பியைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். படுக்கும்போது இரண்டு கைக்கும் வேலை இருக்கும்படி துணிப் பொம்மை ஒன்று, ஒரு வயது கடந்த பிள்ளைக்கு மட்டும், கொடுத்துப் பாருங்கள்.